ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் யாருடைய மண்?

கேள்வி: ரோமன் அப்ரமோவிச் செல்சி கிளப்புக்காகத் தன் கைக்காசு 150 கோடி பவுண்டைக் கொட்டினார். 19 ஆண்டுகளில் 21 கோப்பைகளை வாங்கிக் கொடுத்தார். புதின் உக்ரைன்மீது போர் தொடுத்ததற்காக லண்டனில் இருக்கும் ஒரு கால்பந்து கிளப்பை அவரிடமிருந்து பிடுங்கி, ரசிகர்களையும் சேர்த்துத் தண்டித்தது என்ன நியாயம்? ஈராக்கில் அமெரிக்கா புகுந்தபோது எந்த அமெரிக்க முதலாளியைத் தொட்டார்கள்? விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று எழுத உங்களுக்குத் துணிச்சல் இல்லையா?
— செல்சி ரசிகர் ஒருவர், திருச்சி

பதில்: கலக்காதீர்கள் என்று நீங்கள் சொல்லும் அரசியல், பிரிட்டன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கிய 2022 மார்ச் 10-ஆம் தேதி செல்சிக்குள் வரவில்லை. 2003 கோடையிலேயே வந்துவிட்டது. கிளப்பை அப்ரமோவிச் சுமார் 14 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது அவர் வெறும் தொழிலதிபர் இல்லை. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சுகோத்கா பகுதியின் ஆளுநர். 2008 வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவியில் இருக்கும் ஓர் ஆளுநர் லண்டனில் கிளப் வாங்குவதை நாம் யாரும் அன்று அரசியல் என்று சொல்லவில்லை. லாம்பார்ட், டிரோக்பா போன்ற செல்சி வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். 2012 மே மாதம் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் கடைசி நிமிடங்களில் டிரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தபோது, இங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில் வீட்டையே எழுப்பியவன் நான். அதனால் உங்கள் வலி எனக்குப் புரிகிறது. உங்கள் வாதம்தான் ஏற்க முடியாதது.

அந்தக் கைக்காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு, ரஷ்ய மக்களின் எண்ணெய் வயல்களும் உலோக ஆலைகளும் அரசுக்கு நெருங்கிய ஒரு சிலருக்கு அடிமாட்டு விலைக்குப் போயின. அப்படித்தான் சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனம் 1995-இல் சுமார் 10 கோடி டாலருக்கு, போரிஸ் பெரெசோவ்ஸ்கி என்ற தொழிலதிபர், அப்ரமோவிச் ஆகியோர் தரப்பின் கைக்கு வந்தது. பத்தே வருடத்தில், 2005-இல், அதன் பெரும்பான்மைப் பங்குகளை ரஷ்ய அரசின் காஸ்ப்ரோம் நிறுவனமே 1,300 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. பின்னாளில் பெரெசோவ்ஸ்கி லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது, அவருக்குக் கொடுத்த பெருந்தொகைகளெல்லாம் ‘கிரிஷா’வுக்குத்தான் என்று அப்ரமோவிச் தரப்பு வாதாடி ஜெயித்தது. கிரிஷா என்றால் ரஷ்ய மொழியில் கூரை. அரசியல் பாதுகாப்புக்கு அங்கே அதுதான் பேச்சு வழக்கு. அந்தக் கூரையின் கீழ் சேர்ந்த பணம்தான் செல்சிக்கு வந்தது. புதினோடு தனக்கு நெருக்கம் என்பதை அப்ரமோவிச் மறுத்தே வந்திருக்கிறார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘பிடுங்கினார்கள்’ என்பதும் சரியில்லை. பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியது. மார்ச் 2 அன்று கிளப்பை விற்கப்போகிறேன் என்று அவரே அறிவித்தார். அதற்கு எட்டு நாள் கழித்துத்தான் பிரிட்டன் அவர் சொத்துகளை முடக்கியது. கிளப்பும் அவருடைய சொத்து என்பதால் அதுவும் சேர்ந்து முடங்கியது.

அப்புறம் நடந்தவை கொடுமைதான், மறுக்கவில்லை. அரசு கொடுத்த சிறப்பு உரிமத்தில் எழுதியிருப்பதை மட்டுமே கிளப் செய்யலாம். புது டிக்கெட் விற்கக்கூடாது; சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களும் ஏற்கெனவே வாங்கியவர்களும் மட்டும் வரலாம். ஜெர்சி விற்கும் கடைக்குப் பூட்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக்கூடாது. ஃபிரான்சில் லில் அணியோடு ஆட்டம் இருந்தது. விமானம் கிடைக்காவிட்டால் ஏழு பேர் உட்காரும் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார் பயிற்சியாளர் தாமஸ் டூகல். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வழியில்லாத நிலையில், வீரர்கள் ரூடிகரும் கிறிஸ்டென்சனும் அந்தக் கோடையில் கிளப்புக்கு ஒரு காசு வராமல் வெளியேறினார்கள். பத்துப் பதினைந்து நாளில் உலகச் சாம்பியன் கிளப் ஒன்று பெட்டிக்கடை மாதிரி கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆனால் இதற்குக் காரணம் தடையா, அல்லது 1905-இல் தொடங்கி நான்கைந்து தலைமுறை உயிரோடு வைத்திருந்த ஒரு கிளப்பை ஒரே மனிதரின் பையில் போட்டதா? 2018-இலேயே எச்சரிக்கை வந்தது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபால்மீது நச்சுத் தாக்குதல் நடந்த பிறகு அப்ரமோவிச்சின் பிரிட்டன் விசா புதுப்பிக்கப்படாமல் இழுத்தது. மே மாதம், 60,000 பேர் உட்காரும் புதிய மைதானத் திட்டத்தைக் கிளப் கிடப்பில் போட்டது. முதலீட்டுச் சூழல் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். விசா சிக்கலும் திட்டம் நின்றதும் ஒரே சமயத்தில் நடந்தும் யாரும் அசரவில்லை, கோப்பை வந்துகொண்டிருந்ததால்.

சரி, ரசிகர்களைப் பற்றி ஒன்று. மார்ச் 5 அன்று பர்ன்லி மைதானத்தில் உக்ரைனுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டிய நேரத்தில், செல்சி ரசிகர்களில் ஒரு பகுதியினர் அப்ரமோவிச் பெயரைக் கோஷமிட்டார்கள். அதற்கான நேரம் இது இல்லை என்று டூகலே கண்டித்தார். குண்டு விழும் ஊர்களில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த வாரம் அது. கோப்பை தந்தவருக்கு நன்றி சொல்ல வேறு நாளே இல்லையா?

அமெரிக்கா பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஆனால் அதிலிருந்து அப்ரமோவிச்சை விட்டிருக்க வேண்டும் என்ற முடிவு வராது. நியூகாசில் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்பின் விற்பனையையும் தடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுதான் வரும். 2021 அக்டோபரில் சவுதியின் பொது முதலீட்டு நிதியம் அந்தக் கிளப்பின் 80 விழுக்காட்டை வாங்கியது. நிதியத்தின் தலைவர் இளவரசர் முகமது பின் சல்மான். சவுதி பத்திரிகையாளர் கஷோகியைப் பிடிக்கவோ கொல்லவோ ஒப்புதல் கொடுத்தவர் அவர் என்று அமெரிக்க உளவுத்துறை அறிக்கை மதிப்பிட்டு எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் அதை மறுக்கிறார். சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லும் உறுதிமொழி கிடைத்ததாக, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரை நடத்தும் பிரீமியர் லீக் சொன்னது. ஆனால் 2023-இல் கோல்ஃப் தொடர்பான ஓர் அமெரிக்க வழக்கில், நிதியத்தின் ஆளுநரும் நியூகாசில் தலைவருமான யாசிர் அல்-ருமய்யான் ‘பதவியில் இருக்கும் அமைச்சர்’, அதனால் அவருக்கு அரசுக்குரிய விலக்குரிமை உண்டு என்று நிதியமே வாதாடியது. லண்டனில் அரசு வேறு நிதியம் வேறு, கலிஃபோர்னியாவில் இரண்டும் ஒன்று. நாளை ரியாத்தோடு லண்டனுக்குப் பகை வந்தால் நியூகாசில் ரசிகரும் உங்களைப் போலத்தான் கடிதம் எழுதுவார்.

2025-இல் இங்கிலாந்தில் கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று வாங்குவதற்கு முன்பே அது சோதிக்க வேண்டும். முதல் வரைவில் அரசின் வெளியுறவு, வர்த்தகக் கொள்கையை ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். நீக்கியது நல்லது. இருந்திருந்தால், இன்று நட்பு நாடு என்பதற்காகவே ஒருவரை உள்ளே விட்டிருப்பார்கள். அப்ரமோவிச்சும் ஒரு காலத்தில் நட்பு நாட்டுக்காரர்தானே.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2022 மே 30 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் டாட் போலி, கிளியர்லேக் முதலீட்டு நிறுவனம் ஆகியோரின் கூட்டணி செல்சியை வாங்கியது. அதற்குக் கிடைத்த 250 கோடி பவுண்ட் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகும் என்றார்கள். உக்ரைனுக்குள் மட்டுமே செலவாக வேண்டும் என்கிறது பிரிட்டன் அரசு. போரால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் என்கிறது அப்ரமோவிச் தரப்பு. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூனில் வழக்குப் போடுவோம் என்று அமைச்சர்கள் எச்சரித்தபோதும் அந்தப் பணம் வங்கியில்தான் முடங்கிக் கிடந்தது. கால் இழந்த ஒரு குழந்தைக்கு மூன்று ஆண்டு என்பது எவ்வளவு! இதை எழுத எனக்குத் துணிச்சல் இருக்கிறது.

கடைசியாக, செல்சி ரசிகர் என்ற முறையில் நீங்கள் பெருமைப்பட வேண்டிய நாள் 2011 அக்டோபர் 27. செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் நிலம் அப்ரமோவிச்சுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1993-இல் தொடங்கிய ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ என்ற அமைப்புக்குச் சொந்தம். அதன் பங்குதாரர்கள் சாதாரண ரசிகர்கள். கிளப்பின் பெயருக்கான உரிமையும் அவர்களிடம்தான். அந்த நிலத்தைத் திரும்ப வாங்க அப்ரமோவிச்சின் கிளப் கேட்டது; அன்று பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். 75 விழுக்காடு வாக்கு வேண்டும். சுமார் 62 விழுக்காடுதான் கிடைத்தது. கோப்பைகளைக் குவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேரே முடியாது என்றார்கள். பத்து ஆண்டு கழித்து லண்டன் அரசு அவருடைய சொத்துப் பட்டியலை எடுத்தபோது, அந்த நிலம் அதில் இல்லை.