மூன்று நேபியரை எல்ஃப் ஆக்கினால் ஏன் இடிக்கிறது?

எல்ஃப் ஆக்காமல் மனிதராகவே விட்டுவிடுங்கள், சரியாகிவிடும். உங்கள் கதையில், மார்மன் புத்தகத்தில் (மார்மன் கிறிஸ்தவர்களின் வேதநூல்) வரும் மூன்று நேபியரை, அதாவது கிறிஸ்துவின் சாகாத மூன்று சீடரை, எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை இனமான எல்ஃப்களாக வைத்தால் இறுதிக்காலத் தீர்க்கதரிசனம் பொருந்தவில்லை என்றுதானே கேட்டீர்கள்?

இரண்டையும் ‘சாகாவரம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்ததால் வந்த வினை என்று நினைக்கிறேன். டோல்கீனின் எல்ஃப் மூப்பில் சாகாது, வெட்டினால் சாகும். இந்த மூன்று சீடரையோ சூளையில் மூன்று முறை தள்ளியும் ஒன்றும் ஆகவில்லை. காட்டு விலங்குகளின் குகையில் இரண்டு முறை தள்ளினார்கள். பால்குடி ஆட்டுக்குட்டியோடு குழந்தை விளையாடுவதுபோல் விளையாடிக்கொண்டிருந்தார்களாம்!

மார்மன் புத்தகத்தின் ‘3 நேபி’ என்ற பகுதியில், 28ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தைப் பாருங்கள். கிறிஸ்து மகிமையோடு வரும்போதுதான், கண்ணிமைக்கும் நேரத்தில் அழியாமைக்கு மாறுவார்கள். அதாவது இன்னும் முழுதாக மாறவில்லை. உங்கள் தீர்க்கதரிசனக் காட்சி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்று மட்டும் கவனம். வழிப்போக்கருக்கு உதவிவிட்டு மாயமாகும் முதியவர் கதைகள் அமெரிக்காவின் யூட்டா மாநில நாட்டார் வழக்கு, மார்மன் புத்தகத்தில் இல்லை. அப்புறம், மூவருக்கும் பெயர் சூட்டிவிடாதீர்கள்; பெயர்களை எழுதப்போன மார்மனையே (அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவராக அதில் வருபவர்) அதே அதிகாரத்தின் 25ஆம் வசனத்தில் கர்த்தர் தடுத்துவிடுகிறார்.