குடத்தின் வாய் வட்டமில்லை

கலைப் படிப்பு குறித்த வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். நடிகர் படமோ சாமி படமோ, எதைக் கொடுத்தாலும் அப்படியே வரைந்துவிடுவான். ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறான். அவன் அப்பாவுக்குக் கொத்து வேலை. எங்களைப் போன்றவர்கள் பிள்ளை அங்கே போக முடியுமா? (வாசகி, செய்யாறு)

பதில்: போக முடியும் அம்மா. நான் போயிருக்கிறேன். என் அப்பா வேலூரில் போர்டு எழுதியவர். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம் என்று எது வந்தாலும் எழுதுவார். அவருக்கு பெயிண்ட் டப்பா கழுவிக் கொடுத்துத்தான் நான் பிரஷ் பிடிக்கப் பழகினேன்.

சென்னையில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில், 1850-இல் தொடங்கிய கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். கும்பகோணத்தில் இன்னொரு கவின்கலைக் கல்லூரி. சிற்பம்தான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரி. மூன்றுமே அரசுக் கல்லூரிகள். தனியார் டிசைன் கல்லூரிகள் லட்சங்களில் கேட்கும் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்பதால், பட்டப் படிப்பில் சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் புதுமைப் பெண்.

பணத்தைவிட நான் கவலைப்படுவது நுழைவுத் தேர்வைப் பற்றி. 'அப்படியே வரைந்துவிடுவான்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கட்டம் போட்டு ஒரு சின்னப் படத்தைப் பத்தடிச் சுவருக்குக் கொண்டுபோய்விடுவேன். 1979-இல் முதல் முறை தேர்வுக்குப் போனபோது எதிரே ஒரு குடம், மடித்துப் போட்ட துணி, இரண்டு கத்தரிக்காய் வைத்தார்கள். கட்டம் போட அங்கே படம் இல்லை. குடத்தின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே போட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகவா தெரியும்? நசுங்கிய முட்டை மாதிரி தெரியும். கண் பார்த்ததை விட்டுவிட்டு மனசுக்குத் தெரிந்ததைப் போட்டிருந்தேன். இடம் கிடைக்கவில்லை.

அங்கே படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் என்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நடைமேடையில் தூங்குகிறவர்கள், மூட்டை மேல் சாய்ந்திருப்பவர்கள், போர்ட்டர்கள் என்று நாள் முழுக்க வரைந்தோம். அடுத்த வருஷம் இடம் கிடைத்தது.

ஆகவே மகனிடம் நடிகர் படங்களைக் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குடத்தைத் தரையில் வைத்து ஒரு தடவை, திண்ணையில் வைத்து ஒரு தடவை, கண் மட்டத்துக்கு உயர்த்தி ஒரு தடவை வரையட்டும். அதன் வாய் எப்படி ஒடுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் கோடாகிறது என்று அவனே கண்டுபிடிப்பான். சந்தை, பஸ் ஸ்டாண்ட் என்று ஒரு காட்சியை மனசில் கூட்டி வரையவும் பழக வேண்டும். 2பி, 4பி, 6பி பென்சில் போதும். தாளுக்கு, ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் வீணானதைக் கேட்டால் கொடுப்பார்கள்.

அப்புறம், சோறு. துணி டிசைன், அச்சு, விளம்பரம், அனிமேஷன், ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. 'படம் போட்டால் சோறு கிடைக்குமா' என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கேள்வி: பேரன் பறை அடிப்பான். தவில் கற்க ஆசைப்படுகிறான். எங்கள் குடும்பத்தில் அந்த வழி வந்தவர் யாருமில்லை. யார் சேர்த்துக்கொள்வார்கள்? (வாசகர், திருவாரூர்)

பதில்: மாவட்ட அரசு இசைப்பள்ளியில் போய்க் கேளுங்கள் ஐயா. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம், 3 வருஷப் படிப்பு. தவிலுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். உதவித்தொகையும் உண்டு. எந்தக் குடும்பம் என்று அங்கே யாரும் கேட்கக் கூடாது. பறை அடித்த கைக்குக் காலக்கணக்கு ஏற்கெனவே தெரியும். தவில் கற்க வந்ததும் பறையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திறமை இருப்பவன் எப்படியும் மேலே வந்துவிடுவான். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனியாக எதற்கு உதவி? (வாசகர், மதுரை)

பதில்: வருத்தத்தோடு மறுக்கிறேன். குடியாத்தம் பக்கம் நான் வேலை பார்த்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஒருநாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கைகளை மட்டும் வரைந்து வந்தாள். நானே அப்படி வரைய மாட்டேன். 'நல்லாயிருக்கு' என்று சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிளஸ் டூ முடித்து ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பஸ்ஸில் பார்த்தபோது, 'படம் போடுறதுக்குன்னே காலேஜ் இருக்கா சார்?' என்று கேட்டாள். அந்தக் காலேஜிலிருந்து வந்தவன் நான். நான்கு வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்தவன். ஒரு நாளும் சொல்லவில்லை. அவளிடம் திறமை இல்லையா ஐயா?

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ வகுப்புகளுக்குப் போய், விண்ணப்பம் எப்போது வரும், தேர்வில் என்ன வைப்பார்கள் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சிலர் சேர்ந்தார்கள்.

அந்த நோட்டுத் தாளை அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மடியில் முறம், தூள், அளவாய் வெட்டிய இலை. இடது கட்டைவிரல் நகத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி நிழல் போட்டிருக்கிறாள், நகம் தேய்ந்திருப்பது தெரிகிற மாதிரி.