பக்கத்து வீட்டு மாடி: ஆறு வாரத்தை எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: நெதர்லாந்தில் அல்மேரே நகரில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கூரைக்கு மேல் இன்னொரு தளம் எழுப்ப நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. இணையத்தில் அறிவிப்பு வந்து நான்கு வாரம் ஆகிறது. எங்கள் தோட்டத்து வெயில் போய்விடும். நகராட்சிக்குப் போன் செய்தேன், "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். ஆட்சேபிக்க ஆறு வாரம் என்பதால் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தெரிந்த ஆலோசகர் ஒருவர் 600 யூரோ கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அதைவிட அவசரமான விஷயம் வேறு. உங்களிடம் இரண்டு வாரம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், இல்லாமலும் போகலாம்.

ஆறு வாரக் கணக்கு அறிவிப்பு வந்த நாளில் தொடங்குவதில்லை. அனுமதிக் கடிதத்தை நகராட்சி உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியதே, அதற்கு மறுநாளே தொடங்கிவிடுகிறது. இணைய அறிவிப்பு அதற்குச் சில நாள் கழித்துத்தான் வரும். அடுத்த வீட்டுக்காரருக்குப் போன கடிதத்தின் தேதியை நீங்கள் எப்படி அறிவீர்கள் என்று கேட்டால், நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அறிவிப்பைத் திறந்து 'ஃபெர்சோன்டன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அனுப்பப்பட்டது என்று பொருள். பக்கத்தில் இருக்கும் தேதிதான் உங்கள் கணக்கு. தேதி போடவில்லையா, இன்றே நகராட்சியைக் கேளுங்கள்.

போன் செய்தது கணக்கில் வராது. அவர்கள் குறித்துக்கொண்டதும் வராது. 'பெஸ்வார்' என்கிற ஆட்சேபனை எழுத்தில் இருக்க வேண்டும்: பெயர், முகவரி, தேதி, எந்த முடிவை எதிர்க்கிறீர்கள் என்பது, காரணம், கையெழுத்து. நகராட்சியின் இணையப் படிவத்தில் டிஜிடி (அரசுத் தளங்களில் நுழைவதற்கான அடையாளக் கணக்கு) வழியாக அனுப்பலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். காரணங்களை எழுத நேரமில்லை என்றால் "காரணங்களைப் பிறகு அனுப்புகிறேன், அவகாசம் தாருங்கள்" என்று ஒரு வரி போதும். விடுபட்டதைச் சரிசெய்ய அவகாசம் தராமல் அவர்கள் தள்ளுபடி செய்யக் கூடாது. டச்சு சுமாராக இருந்தால் பரவாயில்லை, அரைப் பக்கம்தானே.

இப்போது அந்த 600 யூரோ. ஆட்சேபனைக்குக் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, பிறகு நீதிமன்றத்துக்கும் அதற்கும் மேலே ஹேக் நகரில் உள்ள ராட் ஃபன் ஸ்டாட் என்ற உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கும் போனாலும்கூட. ஆலோசகர், ஜூரிஸ்ட் (சட்டம் தெரிந்தவர்) என்று யார் வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொள்ளலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை. 'அட்ஃபோகாட்', அதாவது வக்கீல், என்ற பெயருக்குத்தான் பாதுகாப்பு உண்டு, வக்கீல் சங்கப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பணம் போவதைக்கூட விடுங்கள். நான் அஞ்சுவது அவர் நீட்டும் அதிகாரப் பத்திரத்தை. அதில் கையெழுத்துப் போட்டால் நகராட்சியின் கடிதங்கள் அவருக்குத்தான் போகும். அவர் ஊருக்குப் போய்விட்டு, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் மேல்முறையீட்டுக்கான ஆறு வாரமும் போய்விடும். நீதிபதியிடம் "அவர் தவறு" என்றால் எடுபடாது. நீங்கள் நியமித்தவரின் தவறு உங்கள் தவறு.

வீட்டு மதிப்பு வரி விஷயத்தில் "ஜெயித்தால் மட்டும் கட்டணம்" என்று கதவு தட்டிய கூட்டம் நினைவிருக்கும். ஆட்சேபனை ஜெயித்தால் நகராட்சி தரும் செலவுத் தொகைதான் அவர்களுக்கு வருமானம். அதனால்தான் 2024 ஜனவரி 1 முதல் அந்த வழக்குகளில் தொகையை நான்கில் ஒன்றாகக் குறைத்து, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இலவசமாகக் கேட்க 'யுரிடிஸ் லொகெட்' என்ற சட்ட ஆலோசனை மையம் இருக்கிறது, அங்கே போங்கள்.

அடுத்தது என்ன எழுதுவது. இங்கே கொஞ்சம் கசப்பான செய்தி. தோட்டத்து வெயிலுக்கு நெதர்லாந்துச் சட்டத்தில் எண் போட்ட உரிமை இல்லை. டி.என்.ஓ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் ஒன்றைப் பலரும் காட்டுவார்கள்: பிப்ரவரி 19 முதல் அக்டோபர் 21 வரை நாளுக்கு இரண்டு மணி நேர வெயில். அது கூடத்து ஜன்னலுக்கு, தோட்டத்துக்கு அல்ல, சட்டமும் அல்ல. எனவே முதலில் பார்க்க வேண்டியது, புதுத் தளம் நகராட்சியின் நிலப்பயன்பாட்டுத் திட்டம் அனுமதிக்கும் உயரத்துக்குள் இருக்கிறதா என்பதை. 'ஓம்கெவிங்ஸ்லொகெட்' என்ற அரசு இணையத் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் விதிகள் வரைபடத்தில் தெரியும். எல்லாம் விதிக்குள் இருந்தால் நகராட்சி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும், உங்கள் வெயிலை எடைபோட அதற்கு இடமே இல்லை. 20 சென்டிமீட்டராவது மீறியிருந்தால் உங்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. விதியை விலக்கிக் கொடுக்கும்போது அண்டை வீட்டாரின் நலனையும் பார்த்தாக வேண்டும்.

ஆட்சேபனை போட்டாலும் கட்டுமானம் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் நீதிமன்றத்தில் தனியாக இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, 200 யூரோவை ஒட்டி. வருமானம் மிகக் குறைவென்றால் விலக்குக் கேட்கலாம்.

ஆறு வாரம் ஏற்கெனவே தாண்டியிருந்தால்? ஒரு வழி உண்டு, குறுகலானது. தாமதத்துக்கு உங்கள்மேல் பழி சொல்ல முடியாது என்று காட்ட வேண்டும். ஊருக்குப் போயிருந்தேன் என்பது பொதுவாகச் செல்லாது. தபாலைப் பார்க்க ஆள் வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அறிவிப்பைப் பார்க்கவில்லை என்பதும் பெரும்பாலும் செல்லாது, வெளியிட்டாயிற்றே. ஆனால் அறிவிப்பே தவறாக இருந்தால் கதை வேறு. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் வழக்கில் நகராட்சி வீட்டு எண்ணை மாற்றிப் போட்டிருந்தது, 14க்குப் பதில் 41. தெருவின் மறுகோடி. அதைப் படித்தவர் தன் சுவருக்குப் பக்கத்தில் கட்டப்போகிறார்கள் என்று எப்படி ஊகிப்பார்? தாமதத்தை மன்னித்தார்கள். சாரம் கட்டியதைப் பார்த்த மறுநாளே அவர்கள் எழுதிக் கொடுத்ததும் ஒரு காரணம். அப்படி ஒரு பிழை உங்கள் அறிவிப்பிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். இருந்தாலும் வாரம் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், தெரிந்த அன்றே எழுதுங்கள்.

நீங்கள் ஒரு நாள் பிந்தினால் கதவு மூடிவிடும். நகராட்சிக்கோ, ஆலோசனைக் குழு இருந்தால் பதில் சொல்லப் பன்னிரண்டு வாரம், நீட்டித்துக்கொள்ள இன்னும் ஆறு. அதையும் தாண்டினால் நீங்கள்தான் 'காலம் தவறிவிட்டீர்கள்' என்று அவர்களுக்கு எழுதி, மேலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தினசரி அபராதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இந்தச் சமத்துவம் எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, கடிதத்தைக் கடைசி நாளில் தபாலில் போட்டாலும், அதன்பின் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் செல்லும். ஆனால் போட்டதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நேரில் கொண்டுபோனால் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். கவுன்டரில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.