வாசகர் கேள்வி: விற்காமலே காக்கப்படும் நிலம்

கேள்வி: அமெரிக்காவில் நில அறக்கட்டளைகள் நிலத்தை விலைக்கு வாங்காமலேயே காப்பாற்றுகின்றனவாமே, எப்படி?

பதில்: வீடு கட்டும், மனை பிரிக்கும் உரிமையை மட்டும் உரிமையாளர் அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், உழலாம், விற்கலாம். வாங்குபவரையும் பத்திரம் கட்டுப்படுத்தும்.

பதிவுக்கு முன்பே ஓடை, வேலி, கட்டடம் அனைத்தையும் படமெடுத்து, வரைபடத்தில் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் யாராவது கொட்டகை போட்டால் இதுதான் சாட்சி.

சறுக்கும் இடம், நிலத்தின் மேல் ஏற்கெனவே உள்ள அடமானம். பத்திரத்துக்குப் பிறகே தன் உரிமை என்று வங்கி எழுதித் தராவிட்டால், நிலம் ஏலத்துக்கு வரும்போது எல்லாமே செல்லாமல் போகலாம், உரிமையைத் தானமாகக் கொடுத்ததற்கான வரிச்சலுகையும் கிடைக்காது. கொடுத்த உரிமையின் விலை மதிப்பீடு தானத்துக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருந்தால் அதையும் வரித்துறை ஏற்காது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லையை நடந்து பார்க்க ஆளும் நிதியும் இல்லாத அறக்கட்டளைக்குக் கொடுப்பது வீண்.