ஒரு குரல், ஒரு கிட்டார், ஐந்து நாள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெலின் பாட்டுகளை எனக்கு அறிமுகப்படுத்தியது உங்கள் பழைய கட்டுரை ஒன்றுதான். நாங்கள் நான்கு பேர், கல்லூரி நாளிலிருந்து சேர்ந்து பாட்டு கேட்கிறவர்கள். 2025 மார்ச்சில் அவருடைய ‘ஃபாக்ஸஸ் இன் த ஸ்னோ’ ஆல்பம் வந்ததிலிருந்து எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஒருவன், “இது ஆல்பமே இல்லை, டெமோ. பேண்டுக்குச் சொல்லிக் கொடுக்கப் பாடி வைத்ததை அப்படியே விற்றுவிட்டார்” என்கிறான். இன்னொருவன், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் இல்லாததை ஆல்ட்-கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியில் ராக் கலந்தது) என்று எப்படிச் சொல்வது, இது சாதாரண ஃபோக் என்கிறான். எங்கள் தோழிக்கு வேறு கோபம். மனைவியைப் பிரிந்த கையோடு தன் பக்க நியாயத்தை மட்டும் பாட்டாகப் போட்டுவிட்டார், அந்த மனைவிக்காக அவர் எழுதிய ‘கவர் மீ அப்’ பாட்டை இனி எந்த மனதோடு கேட்பது என்கிறாள். எனக்கு ஆல்பம் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? டெமோ என்று சொல்கிறவனுக்கு எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவது?

அன்புடன்,
க., கோவை

அன்புள்ள தம்பி,

முதல் முறை கேட்டபோது எனக்கும் ஏமாற்றம்தான். ஒவ்வொரு பாட்டிலும் டிரம்ஸ் எப்போது வரும் என்று காத்திருந்தேன். 400 யூனிட் என்ற அவருடைய குழுவை அத்தனை வருடம் கேட்டுப் பழகிய காது இது. இஸ்பெலும் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் சாட்லர் வேடனும் எதிரும் புதிருமாக நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் அந்த உரசல் எனக்கு மிகவும் பிடிக்கும். பதினோரு பாட்டும் முடிந்த பிறகும் யாரும் வரவில்லை. சில நாள் கழித்து, இரவில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஹெட்போனில் திரும்பக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, இல்லாத ஒன்றுக்குக் காத்திருந்ததில் இருந்ததைக் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று.

டெமோ விஷயத்தை முதலில் பேசிவிடலாம். உண்மையிலேயே டெமோவாக இருந்து ஆல்பமான ஒன்று நமக்குத் தெரியும். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் அவர் பாடி வைத்த பாட்டுகள் அவை. குழுவோடு மறுபடி பதிவு செய்வதுதான் திட்டம். செய்து பார்த்தார்கள், அந்த உயிர் வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததே வெளியானது. அதைக் கேட்டால் அறையின் எதிரொலியும் கேசட்டின் மங்கலும் சேர்ந்தே வரும்.

இஸ்பெல் செய்தது இதற்கு நேர்மாறு. 2024 அக்டோபரில் நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் இருக்கும் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவுக்குப் போனார். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970-இல் தனக்காகக் கட்டிய ஸ்டுடியோ அது. வேண்டிய வாத்தியத்தையும் ஆட்களையும் வரவழைக்க முடிகிற இடத்தில், ஒரே ஒரு கிட்டாரோடு ஐந்து நாளில் முடித்தார். ஜீனா ஜான்சன் அவரோடு சேர்ந்து தயாரித்தார். வேறு யாரும் வாசிக்காமல், தன் குரலும் கிட்டாரும் மட்டுமாக இஸ்பெல் போட்ட முதல் ஆல்பம் இது. முடிவு செய்துதான் தனியாகப் போயிருக்கிறார்.

அந்தக் கிட்டாரைப் பற்றி உங்கள் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள். 1940-இல் மார்ட்டின் நிறுவனம் செய்த 0-17 என்ற மாடல். உடம்பு சிறியது. வழக்கமாக அகௌஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் இருக்கும். இதில் மேல், பக்கம், பின்புறம் எல்லாமே மஹோகனி. பெரிய கிட்டாரைப் போல அடியில் கும்மென்று அதிராது, மேலே பளிச்சென்று மின்னாது. ஒலி நடுவில் நிற்கும், சீக்கிரம் அடங்கிவிடும். அப்படி அடங்குகிற இடத்தில்தான் அவர் குரல் நுழைகிறது. ஒரு வரி பாடி நிறுத்துகிறார், கிட்டார் நாலு சுரத்தில் பதில் சொல்லி ஒதுங்குகிறது, அடுத்த வரி வருகிறது. டிரம்ஸ் இருந்திருந்தால் அந்த இடைவெளியில் தாளம் போய் உட்கார்ந்திருக்கும். இங்கே சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. பாட்டில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அடுத்தது, இது ஆல்ட்-கன்ட்ரியா என்ற கேள்வி. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்தப் பெயருக்கே காரணமான குழு இல்லினாய் மாநிலத்து பெல்விலில் இருந்து வந்த அங்கிள் டுப்பெலோ. 1990-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘நோ டிப்ரஷன்’ என்ற தலைப்பைத்தான் பின்னால் இந்த இசைக்கென்றே தொடங்கிய பத்திரிகையும் எடுத்துக்கொண்டது. பங்க் வேகத்தில் கன்ட்ரி வாசித்த அந்தப் பையன்கள் மூன்றாவது ஆல்பத்துக்கு என்ன செய்தார்கள்? ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரிக்க, ஜார்ஜியாவின் ஏதென்ஸுக்குப் போய், சத்தத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, பழைய நாட்டுப்புறப் பாட்டுகளும் தங்கள் பாட்டுகளுமாக அகௌஸ்டிக் வாத்தியங்களில் பதிவு செய்தார்கள். ஆல்பத்தின் பெயர் ‘மார்ச் 16–20, 1992’. பதிவு நடந்த நாட்களையே பெயராக வைத்துவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், அதுவும் ஐந்து நாள்தான். அது ஆல்ட்-கன்ட்ரி என்றால் இதுவும்தான்.

இன்னொன்று. இஸ்பெல் அலபாமாவின் கிரீன் ஹில் என்ற சிற்றூர்க்காரர், மஸில் ஷோல்ஸுக்குப் பக்கம். பெந்தெகொஸ்தே பிரசங்கியாக இருந்த தாத்தாவிடம் சின்ன வயதில் வாத்தியம் கற்றவர். டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழுவில் மூன்று கிட்டார்களில் ஒன்றாக நின்று அவர் இடித்து வாசித்ததெல்லாம் பிறகு வந்தது. உட்கார்ந்து, மரக் கிட்டாரில், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கும்படி பாடுவதுதான் முதலில் கற்றது. நியூயார்க்கில் இருந்துகொண்டு அலபாமாவின் செம்மண்ணை நினைக்கும் ‘கிரிம்சன் அண்ட் க்ளே’ பாட்டைக் கேளுங்கள். ஊர் மேல் பிரியமும் ஊர் செய்ததன் வலியும் ஒன்றை ஒன்று தள்ளாமல் ஒரே மெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான். நண்பர்கள் யாரும் அதைப் பற்றிச் சண்டை போடவில்லையே என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

சரி, உங்கள் தோழியின் கேள்விக்கு வருகிறேன். மூன்றில் கனமானது அதுதான்.

இஸ்பெல் 2012-இல் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவரை அங்கே போக வைத்ததில், ஃபிடில் (வயலின்) வாசிக்கும் பாடகி அமாண்டா ஷயர்ஸுக்குப் பெரிய பங்கு. 2013-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே வருடம் ‘சவுத்ஈஸ்டர்ன்’ ஆல்பம் வந்தது, அதன் முதல் பாட்டு ‘கவர் மீ அப்’. ஷயர்ஸுக்காக எழுதியது என்பது எல்லோருக்கும் தெரியும். மேடையில் குடியை விட்டதைச் சொல்லும் வரி வரும்போது கூட்டம் முழுக்க ஆரவாரம் செய்யும். குடியிலிருந்து மீண்டவர்களும், மீளாதவர்களைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எத்தனையோ பேர் தங்கள் கல்யாணத்தில் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டார்கள். பல மேடைகளில் பாட்டு எழுதப்பட்டவரே பக்கத்தில் நின்று ஃபிடில் வாசித்தார். 2023 டிசம்பரில் விவாகரத்து மனு. அப்புறம் இந்த ஆல்பம்.

அதனால் இதில் குழு இல்லை என்று நாம் சொல்லும்போது குறிப்பாக இல்லாமல் போனது அந்த ஃபிடில்தான். தனியாகப் போவதற்கு இஸ்பெலுக்கு இசை சார்ந்த காரணம் இருந்திருக்கலாம். கேட்கிறவனுக்கு அந்த வெற்றிடம் ஒரு செய்தியாகவே வருகிறது, அதைத் தவிர்க்க முடியாது.

‘கிராவல்வீட்’ பாட்டு இந்த இடத்தைத்தான் நேரே தொடுகிறது. ஜல்லிக்கு நடுவில் முளைத்த களையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு, தன்னை வளர்த்து எடுத்தவருக்கு நன்றியும், வளர்ந்தபின் அங்கே இருக்க முடியாமல் போனதன் துயரமும் சொல்கிறார். பழைய காதல் பாட்டுகளுக்கு இன்று வேறு பொருள் வந்துவிட்டதற்காக வருத்தமும் தெரிவிக்கிறார். தன் பாட்டுகளுக்கு என்ன நடந்துவிட்டது என்று பாட்டிலேயே ஒப்புக்கொள்கிறார். உங்கள் தோழி கேட்டதை அவரே கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் தன்னிடம் இருப்பதாக அவர் நடிக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே நான் இந்த ஆல்பத்தின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் தோழி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘ட்ரூ பிலீவர்’ பாட்டில், பிரிந்த மனைவியின் தோழிகள் தன்னைக் குற்றவாளியாக்குவதைப் பற்றி இஸ்பெல் கோபப்படுகிறார். அந்த வரி வரும் ஒவ்வொரு முறையும் நான் நெளிகிறேன். காயம் ஆறாமல் பாடுவது தவறில்லை. அங்கே அவர் பாடுவதை நிறுத்திவிட்டு வாதாடுகிறார், அதுதான் உறுத்துகிறது. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்று வாதாடுவது பாட்டுக்கு நல்லதல்ல. ‘டோன்ட் பி டஃப்’ வேறு விதத்தில் குறைபட்டது. ஒன்றன் பின் ஒன்றாக அறிவுரை. இஸ்பெலின் பலம் ஒரு சமையலறையை, ஒரு காரை, ஒரு ஆளின் கையைக் காட்டி மற்றதை நம்மிடம் விடுவது. அறிவுரைக்கு அவர் தேவையில்லை. இந்த இரண்டும் இல்லாமல் ஒன்பது பாட்டோடு வந்திருந்தால் ‘சவுத்ஈஸ்டர்ன்’ பக்கத்தில் வைத்திருப்பேன். இப்போது ஒரு படி கீழேதான்.

பதில் சொல்ல முடியாத இடம் என்றேன். அந்த நிலையும் மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் ஷயர்ஸ் ‘நோபடீஸ் கேர்ள்’ என்ற ஆல்பத்தில் தன் பக்கத்தைப் பாடினார். தோழியிடம் சொல்லுங்கள், அதை முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள். எது உண்மை என்று தீர்ப்பு எழுதக் கேட்க வேண்டாம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பல வருடம் ஒரே மேடையில் வாசித்த இருவர், ஒரே இழப்பைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போய் எப்படி வெவ்வேறு இசையாக்கினார்கள் என்று கேட்கலாம். எனக்கு அதில் நிறையக் கிடைத்தது.

‘கவர் மீ அப்’ பற்றி ஒரு வார்த்தை. அவர் இன்னும் அதை மேடையில் பாடுகிறார். கூட்டம் அந்த வரிக்கு இன்னும் ஆரவாரம் செய்கிறது. அந்தச் சத்தம் எழுதியவரின் கல்யாணத்துக்காக என்றுமே இருந்ததில்லை, குடிக்காமல் கடந்துபோன நாளுக்காக. தோழி அந்தப் பாட்டை எந்த மனதோடு முதலில் கேட்டாளோ, அதே மனதோடு கேட்கட்டும். அது அவளுடைய பாட்டு.

டெமோ என்று சொல்கிற நண்பருக்கு எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதல் பாட்டு ‘பரி மீ’ போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். ஆரம்பத்தில் கிட்டார்கூடக் கிடையாது. வெறும் குரல், ஒரு மனிதர் தன் சாவையும் வாழ்வையும் பற்றித் தனியாகப் பாடுகிறார். அப்போது நண்பர் எதுவும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சின்ன மஹோகனிக் கிட்டார் உள்ளே வரும். அது வந்த பிறகும் அவருக்கு டிரம்ஸ் வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா