செம்மறி சீஸுக்குப் புதினாச் சட்னியா?

கேள்வி: மகன் ஸ்பெயினிலிருந்து மாஞ்செகோ சீஸ் ஒரு முழு வட்டு வாங்கி வந்தான். ஓராண்டு முதிர்ந்ததாம். தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளுக்கு வைக்க நினைக்கிறேன். பாதிப் பேர் சைவம். ஆட்டுப் பால் என்றதும் என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துகிறார். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் வேறு. கெட்டுவிட்டதா? மிளகாய்த்தூள் தடவி வறுத்து, புதினாச் சட்னியோடு கொடுத்தால் வாடை தெரியாதல்லவா?
— வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: அம்மா, முதலில் வாணலியை இறக்கி வையுங்கள்.

‘ஆடு’ என்ற ஒரே சொல்லில் வெள்ளாட்டையும் செம்மறியையும் நாம் அடைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டுக்காரர் பயப்படும் வாடை பெரும்பாலும் வெள்ளாட்டு சீஸின் சொத்து. மாஞ்செகோ, லா மாஞ்சா மேட்டுநிலத்தின் மாஞ்செகா இனச் செம்மறிப் பாலில் செய்வது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் போல இருந்தால் செம்மறிப் பாலில் ஏறக்குறைய 7. முதிர முதிர வறுத்த முந்திரி வாசம்தான் வரும். ஒரு சிறு துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்னச் சொல்லுங்கள்; அப்புறம் பேசட்டும்.

வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சை இல்லை. புரதம் சிதைந்து உருவான டைரோசின் படிகங்கள்; பல்லில் நறநறவென்று படும். பக்குவமாக முதிர்ந்ததற்கு அடையாளம், குறையல்ல.

சைவ விருந்தாளிகளைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இத்தகைய சீஸ்களில் பலவற்றுக்குப் பாலை உறைய வைப்பது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். சீட்டில் ‘குவாஹோ’ (உறைபொருளுக்கான ஸ்பானியச் சொல்) என்று மட்டும் இருந்தால் விலங்குடையது என்றே வைத்துக்கொண்டு, சைவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தின்ற பிறகு சொல்வது பெரும் பாவம்.

சரி, கூட என்ன வைப்பது? ஸ்பெயின்காரர்கள் சீமைமாதுளை (குவின்ஸ்) பழத்தைச் சர்க்கரையோடு கிளறி, அல்வா பதத்தில் வில்லை போட்டு வைப்பார்கள். இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். தேக்கா சந்தையில் நன்கு பழுத்த கொய்யா வாங்கி, வேகவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுங்கள். பிரேசிலில் கொய்யா வில்லையும் சீஸும் பழைய ஜோடிதான். பேரீச்சை, வாதுமை, அத்திப்பழமும் பொருந்தும். குடிக்கச் சூடான தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், போதும். சட்னி, ஊறுகாய், சம்பல் மூன்றும் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது. புளிப்பும் காரமும் சேர்ந்தால் முந்திரி வாசம் போன இடம் தெரியாது.

மேல்தோலில் பின்னல் போல ஒரு தடம் தெரிகிறதே, அது பழைய காலத்தில் எஸ்பார்த்தோ புல் பட்டையில் கட்டி அழுத்திய அடையாளம். இன்று அச்சிலேயே வந்துவிடுகிறது. அதைக் காட்டிவிட்டுச் சீவி எறியுங்கள், தின்ன வேண்டாம். சீஸை முக்கோணமாக, மெல்லிசாக நறுக்குங்கள். ஐரோப்பாவில் ஒரு மணி நேரம் வெளியே வை என்பார்கள். நம் வீவக (அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், அதுவும் ஆள்கூட்டத்தில், அரை மணி போதும். அதற்குமேல் கொழுப்பு வியர்வை போல மின்னத் தொடங்கிவிடும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையில் திணிக்காமல் மெழுகுத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

முறுக்கு தாராளமாக இருக்கட்டும். வேறு தட்டில்.