டெக்ஸாஸில் இருக்கிறேன், வயது 38. இதுவரை குதிரை ஏறியதே இல்லை. பேரல் ரேசிங்கைப் பொழுதுபோக்காகத் தொடங்க முடியுமா?

முடியும். நான் தொடங்கியபோது உங்களைவிடச் சில வயது மூப்பு. டென்டன் பக்கம் குடியிருக்கிறோம், சுற்றிலும் குதிரைப் பண்ணைகள். காரில் போகும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது குதிரையில் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பார்த்துப் பார்த்துதான் ஆசை வந்தது. "குதிரையா? இடுப்பு ஒடிஞ்சா யாருடி பாக்குறது?" என்று அம்மா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது: வயதான குதிரையில் கற்றுக்கொண்டால் இடுப்பு பெரும்பாலும் தப்பிக்கும்.

நேரில் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் மூன்று டிரம்கள் முக்கோணமாக நிற்கும்; ஊரில் தண்ணீர் பிடித்து வைப்போமே, கிட்டத்தட்ட அந்த 200 லிட்டர் டிரம்தான். முறையான அளவில் முதல் டிரம்முக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 90 அடி, அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி, நேரம் ஓடத் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் டிரம்முக்கு 60 அடி. கோட்டைத் தாண்டிப் போய் மூன்றையும் சுற்றிவிட்டு, அதே கோட்டைத் திரும்பத் தாண்ட வேண்டும். டிரம்மை உரசலாம், தள்ளக் கூடாது. தொழில்முறை ரோடியோவில், அதாவது குதிரையும் காளையுமாக நடக்கும் கவ்பாய் விளையாட்டுப் போட்டியில், ஒரு டிரம் விழுந்தால் 5 வினாடி கூட்டுவார்கள். உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் அந்த ஓட்டமே கணக்கில் சேராது. கைதேர்ந்தவர்கள் இந்த அளவில் 17 வினாடியை ஒட்டி முடிப்பார்கள்.

வேகத்துக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் முதல் வருஷம் உங்களுக்கு அலுக்கும். எங்கள் கோச், அறுபதைத் தாண்டிய பெண்மணி, ஆரம்பத்தில் என்னை டிரம் பக்கமே விடவில்லை. நடை, ட்ராட் என்னும் மெல்லோட்டம், நிறுத்தம், பெரிய வட்டம், சின்ன வட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் டிரம்மைச் சுற்றி நடக்கத்தான் விட்டார். டிரம்முக்கும் குதிரைக்கும் நடுவே சில அடி இடம் விட்டு உள்ளே போய், ஒட்டினாற்போல வெளியே வர வேண்டும். அந்த இடைவெளிக்குப் பாக்கெட் என்று பேர். ஓடி வரும் குதிரை திரும்புவதற்கு முன் தானாக வேகத்தைக் குறைத்து, எடையைப் பின்னங்கால்களில் இறக்கும். அதை ரேட் என்பார்கள்.

எனக்குக் கிடைத்தது இருபதை நெருங்கிய ஒரு பெண் குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் இனம். ரேட் அவளுக்கு ரத்தத்திலேயே இருந்தது. டிரம்முக்கு இரண்டு எட்டு இருக்கும்போது உள்பக்கக் காது லேசாகத் திரும்பும், சேணத்துக்குக் கீழே முதுகு தாழ்வது தொடையில் தெரியும். அந்த நொடியில் நாம் அழுந்தி உட்கார வேண்டும். முன்னால் சாய்ந்திருந்தால் குதிரை திரும்பிவிடும், நாம் நேராகப் போய்விடுவோம். உள்பக்கக் கையில் கடிவாள வார், வெளிப்பக்கக் கை சேணத்தின் முன்னே கொம்பு மாதிரி நிற்கும் பிடியில், அதாவது ஹார்னில். ஹார்னை இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். தள்ளினால் உடம்பு சேணத்தில் பதியும். இழுத்தால் முன்னுக்குத் தூக்கும். கண்ணும் டிரம் மேல் இருக்கக் கூடாது, அடுத்துப் போகப்போகிற இடத்தில் இருக்க வேண்டும். டிரம்மை முறைத்துப் பார்த்துக்கொண்டே போனால் குதிரையும் அதன் மேலேயே போகும், முழங்காலுக்குக் கீழே நீலம் பாரிக்கும். இந்தப் பக்கம் பேரல் ஓட்டுகிறவர்களின் காலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

பெரும்பாலானவர்கள் வலது டிரம்மில் தொடங்குவார்கள். அப்போது ஒரு வலத் திருப்பம், பிறகு இரண்டு இடத் திருப்பம். முதல் டிரம்மைவிட்டு இரண்டாவதுக்குப் போகும் வழியில் குதிரை எந்த முன்னங்காலை முதன்மையாக வீசுகிறதோ அதை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டாவது டிரம்மில் அகலமாக ஒதுங்கி நேரத்தைத் தின்றுவிடும். பழகிய குதிரை இதை நம்மைக் கேட்காமலே செய்யும்.

பழகிய குதிரை என்றால் என்ன என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் ஸ்கேம்பர். சார்மெய்ன் ஜேம்ஸ் அந்தக் குதிரையில் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள் வாங்கினார். முதல் பட்டத்தின்போது அவருக்கு வயது 14. 1985 தேசிய இறுதிப் போட்டியில், லாஸ் வேகாஸில், ஒரு சுற்றில் ஸ்கேம்பரின் தலையிலிருந்து கடிவாளம் கழன்றுவிட்டது. அப்படியே ஓடி அந்தச் சுற்றையே ஜெயித்தது. எல்லாக் குதிரையும் ஸ்கேம்பர் ஆகாது. ஆனால் வழி தெரிந்த குதிரை மேல் வழி தெரியாத நீங்கள் உட்காரலாம். இரண்டு பேருக்கும் தெரியாது என்றால்தான் ஆம்புலன்ஸ் வரும். இளங்குதிரை சல்லிசாகக் கிடைக்கிறது, நீங்களே பழக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மெதுவாக ஓடினால் போட்டிக்குப் போய் என்ன பயன் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடுகிறவர்கள் கட்டும் பணத்தையே பரிசாகப் பிரிக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கு ஜாக்பாட் என்று பேர். அவற்றில் டிவிஷன் முறை இருக்கிறது, என்னைப் போன்றவர்களை இதில் நிறுத்தி வைப்பதே அதுதான். அன்றைய வேகமான நேரம் 17.200 என்று வையுங்கள். அரை வினாடி தள்ளி, 17.700இல் இரண்டாம் டிவிஷன் தொடங்கும். ஒரு வினாடி தள்ளி, 18.200இல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசு. இதில் ஒரு வேடிக்கை: 17.699 ஓடியவர் முதல் டிவிஷனின் வாலில் சும்மா நிற்பார், 17.700 ஓடியவர் இரண்டாம் டிவிஷனை ஜெயித்துவிடுவார். வேண்டுமென்றே குதிரையைப் பிடித்து ஓட்டுகிறார்கள் என்று எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியைக் குதிரை மேல் உட்கார்ந்து அளக்கத் தெரிந்தவர் முதல் டிவிஷனிலேயே ஜெயிப்பாரே!

நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. தொழில்முறை ரோடியோவில் இது பெண்களின் போட்டி. 1948இல் இதே டெக்ஸாஸில், சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடி ஆரம்பித்த சங்கம்தான் இன்றைக்கும் அதை நடத்துகிறது. உள்ளூரில் அந்தப் பாகுபாடு பெரும்பாலும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் ஒரே பட்டியலில் ஓடுவார்கள்.

செலவு விஷயம்: குதிரை வாங்காதீர்கள். நன்றாகப் பழகிய பேரல் குதிரை பல்லாயிரம் டாலர் போகும். அதன் பிறகு தங்குமிட வாடகை, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர், டாக்டர், பிக்கப், டிரெய்லர். முதலில் வகுப்புக்குப் போங்கள். பிறகு வயதான குதிரை வைத்திருப்பவரிடம் ஹாஃப் லீஸ் பேசுங்கள்: செலவில் ஒரு பங்கு நீங்கள் கொடுக்க, வாரத்தில் சில நாள் குதிரை உங்களுக்கு. போட்டிக்கு ஏற்றிப்போகும்போது குதிரைக்குத் தொற்றுநோய் இல்லை என்று காட்டும் காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள், உரிமையாளரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காசில் முதலில் வாங்க வேண்டியது ஏஎஸ்டிஎம் தரச் சான்று உள்ள ஹெல்மெட். சுற்றிலும் எல்லோரும் கவ்பாய் தொப்பியில் அழகாக இருப்பார்கள், நீங்கள் ஹெல்மெட்டோடு இருங்கள்.

அவசரம் வேண்டாம், முதலில் பார்க்கப் போங்கள். ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸில் வார இறுதி இரவுகளில் ரோடியோ நடக்கும், போய் வரலாம். ஆனால் அதிகம் தெரிந்துகொள்வது வார நாள் மாலையில் நடக்கும் சின்ன ஜாக்பாட்டில்தான். போட்டிக்கு முன்னால் எக்ஸிபிஷன் ஓட்டம் இருக்கும். சில டாலர் கட்டி, அதே மைதானத்தில் நடையாகவோ ட்ராட்டாகவோ குதிரைக்குப் பழக்கம் காட்டுவார்கள். நடுநடுவே டிராக்டர் வந்து டிரம்மைச் சுற்றி விழுந்த பள்ளத்தைச் சமன் செய்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் மூன்றாம், நான்காம் டிவிஷன்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். யாரிடம் சாதுவான குதிரை இருக்கிறது, எந்த கோச் பொறுமைசாலி என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஓடி முடித்து வந்தவுடனே மட்டும் போய் நிற்காதீர்கள். குதிரையை நடக்கவிட்டு, மூச்சு அடங்கி, சேணத்தைக் கழற்றித் தண்ணீர் காட்டட்டும். அதற்குப் பிறகு போனால், நீங்கள் போதும் என்றாலும் அவர்கள் விடமாட்டார்கள்.